பதினாறு கட்டங்களும் தப்பின் நடையும்

மாத்தளை மாவட்டத்தின் கிழக்கோரத்தில் இருக்கிறது வில்கமுவ. ஒரு பக்கம் மகாவலி, வடக்கே வஸ்கமுவ தேசியப் பூங்கா, நடுவில் ஹெட்டிபொல கடைத்தெரு. பெரும்போகம், சிறுபோகம் என்று ஆண்டு நகரும் நெல் நிலம் இது. இரவானால் யானை வேலியும் யானை வெடியும். இங்கு வாழ்பவர்களில் மிகப் பெரும்பாலோர் சிங்கள விவசாயக் குடும்பத்தினர். மேற்கே மலையேறினால் தேயிலைத் தோட்டங்கள், லயங்கள், மாத்தளை முத்துமாரியம்மன் தேர், அங்கே அடிக்கும் தப்புப் பறை. இந்த நிலப்பரப்பில் வளரும் பதினேழு வயதுப் பிள்ளை ஒன்று ஹிப்ஹாப் பீட் செய்யப் பழக வேண்டுமென்றால் வழி என்ன? கொழும்புக்குப் போக வேண்டுமா? கணினி வாங்க வேண்டுமா? சங்கீதம் படித்திருக்க வேண்டுமா? யூடியூப் மட்டும் போதுமா?

இக்கேள்விகளுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில்களை ஒவ்வொன்றாக எடுத்து எடைபோட்டுப் பார்க்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வில்கமுவப் பிள்ளைக்கு இன்று கருவி பெரிய தடை இல்லை. பழகுபவர்கள் காதைப் பழக்காமல் திரையைப் பழகுகிறார்கள் என்பதுதான் தடை. அந்தத் திரையும் திறக்கும்போதே வேறோர் ஊரின் நடையோடு திறக்கிறது.

கருவியைப் பற்றிய கவலை புதியதல்ல என்பதால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயோர்க்கின் பிராங்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவெனியூ 1520ஆம் இலக்கக் கட்டடத்தில் நடந்த ஒரு விருந்தைத்தான் ஹிப்ஹாப்பின் பிறந்தநாள் என்கிறார்கள். அதில் இசைத்தட்டுச் சுழற்றியவர் ஜமெய்க்காவில் பிறந்த டீஜே கூல் ஹெர்க். பாட்டு நின்று தாளம் மட்டும் ஒலிக்கும் இடத்தில்தான் ஆடுபவர்கள் துள்ளுகிறார்கள் என்பதை அவர் கவனித்தார். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு அந்தத் துண்டை மாற்றி மாற்றி ஓட்டி நீட்டினார். புதிதாக எதையும் வாங்காமல், வீட்டில் கிடந்ததைக் கேட்கும் விதத்தை மாற்றினார்.

அடுத்து வந்ததும் இதே கதைதான். ரோலண்ட் நிறுவனம் 1980 முதல் 1983 வரை டிஆர்-808 என்ற தாள இயந்திரத்தைச் செய்தது. உண்மையான டிரம் போல ஒலிக்கவில்லை என்று வாங்குபவர்கள் ஒதுக்கினார்கள். சுமார் 12,000 இயந்திரங்களோடு தயாரிப்பு நின்றது. பழைய பொருள் கடைகளில் மலிவாகக் கிடைத்ததால் காசில்லாத இளைஞர்கள் கையில் போய்ச் சேர்ந்தது. இன்று உலகம் முழுவதும் ராப் பாட்டில் நெஞ்சை அதிரவைக்கும் பேஸுக்கு 808 என்றே பெயர். 1987இல் வந்த எஸ்பி-1200 சாம்ப்ளரில் பத்து விநாடி ஒலியை மட்டுமே ஏற்ற முடிந்தது. அந்தப் பத்து விநாடிக்குள் எதை எடுப்பது, எதை விடுவது என்று தேர்ந்ததில்தான் அக்காலத்து பீட்களின் இறுக்கம் பிறந்தது. 1988இல் ரோஜர் லின் வடிவமைத்த அகாய் எம்பிசி-60, விரலால் தட்டும் 16 பட்டைகளைக் கொடுத்தது. பிறகு பெல்ஜியத்தின் இமேஜ்-லைன் நிறுவனம் 1990களின் கடைசியில் வெளியிட்ட ஃப்ரூட்டிலூப்ஸ், அதாவது இன்றைய எஃப்எல் ஸ்டூடியோ, இந்த எல்லாவற்றையும் வீட்டுக் கணினிக்குள் கொண்டுவந்தது. அதை விளையாட்டுப் பொருளென்று பலர் ஒதுக்கிய காலத்தில் நைன்த் வொண்டர் என்ற இசையமைப்பாளர், 2003இல் வந்த லிட்டில் பிரதர் குழுவின் முதல் இசைத்தொகுப்பை அதிலேயே செய்துகாட்டினார்.

இப்போது கைத்தொலைபேசி. கெண்ட்ரிக் லாமரின் 2017ஆம் ஆண்டு ‘டேம்ன்’ தொகுப்பில் உள்ள ‘பிரைட்’ பாட்டின் பீட்டை ஸ்டீவ் லேசி ஐபோனில் தொடங்கினார். ஐபோன் இல்லாதவர்களுக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்த பேண்ட்லேப் இலவசமாகக் கிடைக்கிறது. கணினி இருப்பவர்களுக்கு எல்எம்எம்எஸ் முழுக்க இலவசம். எஃப்எல் ஸ்டூடியோவின் சோதனைப் பதிப்பில் எல்லா வசதிகளும் உண்டு, ஆனால் சேமித்த வேலையை மறுபடி திறக்க முடியாது. இதைக் குறை என்று பலர் சொல்வார்கள். தொடக்கக்காரருக்கு இது நல்லது என்பேன். அன்றைக்குத் தொடங்கியதை அன்றைக்கே முடித்து ஒலிக்கோப்பாக வெளியே எடுக்க வேண்டிய கட்டாயம் ஏற்படுகிறது. மின்சாரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த நாட்டில், சார்ஜ் ஏற்றிய தொலைபேசியில் வேலை செய்யப் பழகியிருப்பது சிறிய நன்மை அல்ல.

வாங்க வேண்டியது ஒன்றே ஒன்று: கம்பி வைத்த ஹெட்போன். புளூடூத் ஹெட்போனில் ஒலி காதுக்கு வந்து சேர 100 முதல் 200 மில்லிவிநாடி வரை தாமதமாகும். நிமிடத்துக்கு 90 அடி வேகத்தில் ஓடும் பீட்டில் ஓர் அடியின் கால் பங்கு, செயலித் திரையில் ஒரு கட்டம், 167 மில்லிவிநாடிதான். அதாவது நீங்கள் தட்டியது ஒரு முழுக் கட்டம் பிந்திக் கேட்கலாம். தனக்குத் தாளம் வராது என்று நம்பிக் கைவிடும் பிள்ளைகளில் சிலருக்கு உண்மையில் ஹெட்போன்தான் பிரச்சினையாக இருக்கும். தொலைபேசியின் சிறு ஸ்பீக்கரை நம்பியும் வேலை செய்யக் கூடாது. 808 பேஸ் உறைவது 40 முதல் 60 ஹேர்ட்ஸ் அளவில். அந்தச் சிறு ஸ்பீக்கரால் அதைத் தர முடியாது. கேட்கவில்லையே என்று மேலும் மேலும் கூட்டினால், ஹெட்டிபொல பஸ்ஸின் ஸ்பீக்கரில் ஓடும்போது பாட்டு முழுவதும் இரைச்சலாகிவிடும்.

கருவியை இத்தோடு விடுகிறேன். கற்கும் முறையில்தான் உண்மையான சர்ச்சை இருக்கிறது.

இன்று பெரும்பாலோர் கற்பது காணொளி பார்த்து. அதன் பலனை மறுக்க மாட்டேன். டொரன்டோவைச் சேர்ந்த வொண்டாகர்ள் என்ற பெண் யூடியூப் பார்த்து எஃப்எல் ஸ்டூடியோவைக் கற்று, 16 வயதில் ஜே-ஸீயின் 2013ஆம் ஆண்டுத் தொகுப்பில் ஒரு பாட்டின் பீட்டைச் செய்தார். ஆனால் காணொளியில் ஒரு குறை இருக்கிறது. செய்பவர் முடிவை ஏற்கெனவே அறிந்தவர். எந்த ஒலியை எடுக்கலாம் என்று அவர் திணறிய நேரம் வெட்டப்பட்டிருக்கும். பார்ப்பவர் அவருடைய விரலைப் பின்பற்றுகிறார், அவருடைய காது பார்ப்பவருக்கு வருவதில்லை. அதனால்தான் ஐம்பது காணொளி பார்த்த பிள்ளை வெற்றுத் திரைமுன் உட்கார்ந்தால் கை ஓடுவதில்லை. ஒரு காணொளியைப் பார்த்தால் அதை மூடிவிட்டு, மறுநாள் நினைவிலிருந்து அதே பீட்டைச் செய்ய முயல வேண்டும். மறந்த இடங்கள்தான் கற்க வேண்டிய இடங்கள்.

இரண்டாவது வழி, நம் ஊர்களில் தாளம் கற்றுத்தரும் பழைய வழி. மிருதங்கம் பழக வரும் குழந்தை முதலில் சொல்வது த, தி, தொம், நம். கண்டி மரபின் கெட்ட பெரய மேளம் பழகும் குழந்தை முதலில் சொல்வது தத், ஜித், தொங், நங். இரண்டு மொழி, இரண்டு வழிபாடு, இரண்டு வகைத் தோல். ஆனால் பாடம் ஒன்றுதான்: கைக்கு முன் வாய். வாயால் சொல்ல முடியாத தாளத்தைக் கை அடிக்காது என்பது இந்த ஆசிரியர்கள் தலைமுறை தலைமுறையாக நம்பி வந்தது. பீட் செய்யவும் இதைவிட நல்ல தொடக்கத்தை நான் காணவில்லை. பிடித்த ராப் பாட்டொன்றை எடுத்து, கிக் எங்கே விழுகிறது, ஸ்நேர் எங்கே விழுகிறது என்று வாயால் சொல்லிப் பார்க்க வேண்டும். ‘தும்’ என்பது கிக், ‘டக்’ என்பது ஸ்நேர், ‘ட்ஸ்’ என்பது ஹைஹாட். நான்கு அடி கொண்ட ஓர் ஆவர்த்தனத்தைத் தடுமாறாமல் திரும்பத் திரும்பச் சொல்ல முடிந்த பிறகே தொலைபேசியைத் தொட வேண்டும்.

சொன்னதைக் கட்டங்களில் வைப்பது அடுத்த வேலை. பெரும்பாலான செயலிகளில் ஓர் ஆவர்த்தனத்துக்கு 16 கட்டங்கள் இருக்கும். ஸ்நேர் 5ஆம், 13ஆம் கட்டங்களில் வரும். பழைய பாணி ஹிப்ஹாப்பில் இது ஏறக்குறைய மாறாத தூண். ஹைஹாட்டை ஒன்றுவிட்டு ஒரு கட்டத்தில் வைக்கலாம். கிக் 1இல் தொடங்கும். அதற்குப் பிறகு அது எங்கே போகிறது என்பதில்தான் ஒவ்வொருவரின் கையெழுத்தும் இருக்கிறது. 8இலும் 11இலும் வைத்துப் பாருங்கள், பிறகு 11ஐ 10க்கு நகர்த்துங்கள். ஒரே ஒரு கட்டம் நகர்ந்ததில் நடை எப்படி மாறுகிறது என்று கேட்பதே பாடம். பழைய நியூயோர்க் பாணிக்கு நிமிடத்துக்கு 85 முதல் 95 அடி, டிராப் பாணிக்குச் சுமார் 140 அடி என்று வேகத்தை வைத்தால் தொடங்கப் போதும்.

முதல் சில மாதங்கள் பிறர் பீட்களைக் காதால் கேட்டு அப்படியே திரும்பச் செய்வதில்தான் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நகல் எடுத்தால் சொந்தக் குரல் போய்விடும் என்று அஞ்சுபவர்கள் உண்டு. கோலம் பழகும் பிள்ளை அம்மா போட்ட கோலத்தைத்தான் முதலில் போடுகிறது. வெளியிடாமல், விற்காமல், வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் நகலால் யாருக்கும் நட்டமில்லை. செய்துபார்க்கும்போது தெரியவருவது ஏராளம். பெரிய பாட்டு என்று நினைத்ததில் நான்கே ஒலிகள்தான் இருக்கும். ராப் பாடுபவர் மூச்செடுக்கும் இடத்தில் டிரம் முழுவதும் நின்றுபோயிருக்கும்.

இத்தகைய நிறுத்தங்களைக் கவனிக்காதவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. இரண்டு ஆவர்த்தனத்தை லூப்பாக ஓடவிட்டு, அதன்மேல் ஒலிக்கு மேல் ஒலியாக அடுக்கிக்கொண்டே போவார்கள். கேட்கக் கேட்க அது அவர்களுக்கே பிடித்துப்போகும், பாட்டாக முடியாது. தொடக்கக்காரரின் தொலைபேசியில் முடியாத லூப்கள் குவிந்துகிடப்பதற்கு இதுவே காரணம். 90 அடி வேகத்தில் 16 ஆவர்த்தனம் ஓட சுமார் 43 விநாடி ஆகும். ராப்பில் ஒரு சரணத்தின் வழக்கமான நீளம் அது. அதன்பின் 8 ஆவர்த்தனப் பல்லவி. எளிமையாக இருந்தாலும் தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு நிமிட பீட், அழகான முடியாத லூப்பைவிட அதிகம் கற்றுத்தரும்.

சங்கீத அறிவு வேண்டுமா என்ற கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லலாம். கட்டாயமில்லை, இருந்தால் வேகம் கூடும். இலங்கைப் பாடசாலைகளில் சாதாரண தரத்துக்குக் கர்நாடக சங்கீதமோ கீழைத்தேய சங்கீதமோ படித்த பிள்ளைகள் தங்களிடம் இருப்பதைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். டிராப்பும் டிரில்லும் விரும்பும் இருண்ட மைனர் ஸ்கேல் நம் நடபைரவி. இன்னும் கொஞ்சம் கூர்மை வேண்டுமென்றால் கீரவாணி. அச்சமூட்டும் நிறம் வேண்டுமென்றால் தோடியின் சுர வரிசை. பாடசாலை ஆர்மோனியத்தில் படித்ததைத் தொலைபேசியின் விசைப்பலகைக்கு மாற்றினால் போதும். சங்கீத ஆசிரியர்கள் இந்தத் தொடர்பை வகுப்பில் ஒருமுறை காட்டினாலே எத்தனையோ பிள்ளைகளுக்குக் கதவு திறக்கும்.

இனி, திரையின் பதினாறு கட்டங்களுக்கு வருகிறேன்.

பதினாறு என்பது நான்கு நான்காகப் பிளந்த நான்கு அடி, நம் கணக்கில் சதுஸ்ர நடை. வில்கமுவவைச் சுற்றி ஒலிப்பதைக் கேளுங்கள். கல்யாண வீட்டில் பைலா. அது ஆறின் நடை. மாத்தளைத் தோட்டத் திருவிழாவில் தப்பு. அதன் துள்ளல் மூன்றின் நடை. தமிழ்நாட்டிலிருந்து வரும் கானாப் பாட்டும் பெரும்பாலும் அதே திஸ்ரம். நம் பிள்ளைகளின் உடம்பு சிறு வயதிலிருந்து ஆடிப் பழகியது மூன்றுக்கும் ஆறுக்கும். செயலியைத் திறந்தால் நான்காகப் பிளந்த கட்டம். மனதில் கேட்கும் துள்ளல் அந்தக் கட்டங்களில் உட்காராதபோது, தவறு தன்னுடையது என்று பிள்ளை நினைத்துக்கொள்கிறது.

மாற்றுவது எளிது. கட்டங்களின் எண்ணிக்கையை 16இலிருந்து 12ஆக்குங்கள். அடிகள் 1, 4, 7, 10இல் விழும். ஸ்நேரை 4இலும் 10இலும் வையுங்கள், கிக்கை 1இலும் 7இலும். ஹைஹாட்டை ஒவ்வோர் அடியின் முதல் கட்டத்திலும் மூன்றாம் கட்டத்திலும் வைத்தால் நொண்டி நடக்கும் துள்ளல் உடனே வந்துவிடும். இதன்மேல் தப்பின் அடிகளை வைத்தால் இழுபறி இல்லாமல் பொருந்தும். ராப் பாடுபவர் அதன்மேல் தகிட தகிட என்று சேர்ந்தும் போகலாம், தகதிமி என்று குறுக்கே வெட்டியும் போகலாம். தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோல் தெரிந்தவருக்கு இது கை வந்த கலை. யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த ராப் கலைஞர் ஷான் வின்சென்ட் டி போல், மிருதங்கம் பயின்ற பீட் செய்பவர் யான்சனுடன் சேர்ந்து உருவாக்கிய ‘மிருதங்கம் ராப்ஸ்’ காணொளிகள் இதற்கு நல்ல சான்று. ஒருவர் மிருதங்கத்தோடு உட்கார்ந்திருக்கிறார், மற்றவர் அதன் சொற்கட்டுக்கு ஈடாக வார்த்தைகளை உதிர்க்கிறார்.

செயலிகளில் ‘ஸ்விங்’ என்ற பெயரில் ஒரு திருகு இருக்கும். தொடக்கக்காரர்கள் அதன் பொருள் அறியாமல் கடந்துபோகிறார்கள். எம்பிசியை வடிவமைத்த ரோஜர் லின் தன் இயந்திரங்களில் பழக்கப்படுத்திய கணக்கின்படி 50 சதவீதம் என்றால் ஒவ்வொரு சோடிக் கட்டமும் சரிசமம். 90 அடி வேகத்தில் ஒரு சோடிக்கு 333 மில்லிவிநாடி. இரண்டாவது கட்டம் 167இல் விழும். 60 சதவீதத்துக்குத் திருகினால் 200இல் விழும். 66ஐத் தாண்டும்போது 222ஐத் தொடும், அதாவது முழுத் திஸ்ரம். ஆக அந்தத் திருகு சதுஸ்ரத்துக்கும் திஸ்ரத்துக்கும் நடுவே உள்ள தூரத்தை அளக்கிறது. இந்த நடுத்தூரத்தில் வாழ்ந்தவர் டெட்ராய்ட்டின் ஜே டில்லா. 2006இல் 32 வயதில் மறைந்த அவர், சமமாக ஓடும் ஹைஹாட்டையும் சாய்ந்து விழும் கிக்கையும் ஒரே பீட்டில் சேர்த்து ஓடவிட்டார். டேன் சார்னாஸ் 2022இல் வெளியிட்ட ‘டில்லா டைம்’ என்ற நூல் இதை ஒரு தனிக் காலக்கணக்காகவே ஆராய்கிறது. டில்லாவின் எம்பிசி இன்று வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு காதில் பைலாவையும் மறு காதில் நியூயோர்க் பீட்டையும் கேட்டு வளரும் பிள்ளைக்கு இந்த நடுத்தூரம் அந்நியம் இல்லை என்பது என் நம்பிக்கை.

சொந்த ஊரின் ஒலியையும் நடையையும் ராப்புக்குள் கொண்டுவரும் தேடல் தமிழ் ராப்பின் வரலாற்றிலும் இருக்கிறது. 1994இல் ‘காதலன்’ படத்தின் ‘பேட்டை ராப்’ சென்னைத் தெருப்பேச்சையும் அதன் துள்ளலையும் சேர்த்துக்கொண்டது. மலேசியாவின் யோகி பியும் நட்சத்திராவும் 2006இல் ‘வல்லவன்’ தொகுப்பில் இளையராஜாவின் பழைய மெட்டை ராப்புக்குள் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டில் இலங்கையிலிருந்து கிருஷான் மகேசனின் ‘ஏஷியன் அவெனியூ’ வந்தது. மாயா அருள்பிரகாசம், அதாவது எம்.ஐ.ஏ., தன் முதல் தொகுப்பான ‘அருளர்’ பாட்டுகளை ரோலண்ட் எம்சி-505 என்ற ஒற்றைப் பெட்டியில் உருவாக்கத் தொடங்கினார். 2007இல் வந்த ‘கலா’வுக்குச் சென்னையில் உறுமிக் கலைஞர்களைப் பதிவு செய்தார். இசைக் கல்வி பெறாதவர், ஒரு பெட்டி, பிறகு மண்ணின் தோற்கருவி என்ற அந்த வரிசை, தொடக்கக்காரர் கருத்தூன்றிப் பார்க்க வேண்டியது. 2019இல் ராப் கலைஞர் அறிவுடன் சேர்ந்து ‘தெருக்குரல்’ தொகுப்புக்கு இசை செய்த ஆஃப்ரோ, ‘கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவின் தென்மா, இங்கே 2020இல் முதலில் வந்து பிறகு யொஹானியின் குரலில் உலகம் சுற்றிய ‘மெனிக்கே மகே ஹித்தே’யின் சமத் சங்கீத் போன்றோரின் பெயர்கள் பாடியவர்களின் பெயர் அளவுக்கு ஊருக்குள் தெரியவில்லை. பீட் செய்வது ஒரு தொழில் என்றே பல பெற்றோருக்குத் தெரியாததற்கு இதுவும் காரணம்.

மண்ணின் ஒலியை எடுப்பது என்று சொல்வது எளிது, செய்யும்போது கவனம் வேண்டும். யாருக்கும் உரிமைப் பிரச்சினை இல்லாத ஒலிகளில் தொடங்கலாம். நெல் மூடை தரையில் விழும் ஒலி நல்ல கிக். காய்ந்த வைக்கோலை உலுக்கினால் ஹைஹாட். தகரத்தில் விரலால் சுண்டினால் ஸ்நேரின் மேல்விளிம்பு. வயல் வரப்பில் ஓடும் லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் ஒற்றைச் சிலிண்டர் டீசல் என்ஜினே ஒரு லூப். அதன் வேகத்தை அளந்து பீட்டை அதற்கு இசைவாக வைக்கலாம். காற்று நேரே மைக்கில் அடிக்காதபடி தொலைபேசியை உடம்பால் மறைத்துப் பிடித்து, ஒவ்வோர் ஒலியையும் தனித்தனியாகப் பதிந்து, முன்னும் பின்னும் இருக்கும் வெற்றிடத்தை வெட்டிவிட வேண்டும். ஒலி தொடங்கும் முனையில் கொஞ்சம் வெற்றிடம் மிஞ்சினாலும் அடி பிந்தும்.

மனிதர்களின் பாட்டையும் பறையையும் பதியும்போது விஷயம் வேறு. வில்கமுவ போன்ற உலர் வலயக் கிராமங்களில் விளைந்த சேனைப் பயிரை விலங்குகளிடமிருந்து காக்க, பரண் கட்டி இரவெல்லாம் விழித்திருந்தவர்கள் பாடியவை பெல் கவிகள். அவை தாளக்கருவி இல்லாமல், அடிக்கணக்கு இல்லாமல், மூச்சின் நீளத்தில் நீளும் பாட்டுகள். பீட் செய்பவருக்கு இது சவாலும் கொடையும். எந்தக் கட்டத்திலும் தானாக உட்காராத குரலைச் சொற்களாக வெட்டி, ஒவ்வொன்றையும் காதால் இடம் பார்த்து வைக்க வேண்டும், அல்லது தாளத்தை நிறுத்திவிட்டு அந்தக் குரலைத் தன் போக்கில் விட்டு, அது முடியும் இடத்தில் கிக்கைத் தொடங்க வேண்டும். இரண்டாவது வழிதான் எனக்குப் பிடிக்கும்.

தப்பின் கதை கனமானது. தோட்டங்களில் விடியற்காலைப் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கூட்டும் அணிவகுப்புக்கு, ஆட்களை எழுப்பியது தப்பு. சாவைச் சொன்னது தப்பு, காமன் கூத்தை நடத்தியதும் தப்பு. அதை அடித்தவர்கள் சாதியின் பெயரால் இழிவுபடுத்தப்பட்டார்கள். சிங்களச் சமூகத்திலும் பெரய அடிக்கும் பெரவா மக்களுக்குச் சாதிப் படிநிலையில் கீழிடமே தரப்பட்டது. ஒலியை எல்லோரும் விரும்பினார்கள், அடித்தவரைத் திண்ணையில் ஏற்றவில்லை. பா. ரஞ்சித்தின் முயற்சியில் பிறந்து 2018இல் சென்னையில் மேடையேறிய ‘கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இந்த அநீதியை மேடையிலேயே பேசியது. 2021இல் வந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’யின் பின்னால் இருப்பவர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழ்நாடு திரும்பிய அறிவின் பாட்டி வள்ளியம்மாள். ஆகவே மாத்தளையில் ஒரு தப்புக் கலைஞரிடம் தொலைபேசியை நீட்டும் பிள்ளை, அனுமதி கேட்டு, கூலி கொடுத்து, பாட்டின் விவரத்தில் அவர் பெயரை முதலில் போட வேண்டும். இதைச் சலுகையாக நினைக்கக் கூடாது, அவருக்குச் சேர வேண்டியது அது.

சட்டமும் அதையே சொல்கிறது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, படைத்தவர் இறந்து 70 ஆண்டு வரை பதிப்புரிமை நீடிக்கும். நாட்டார் வழக்கு வெளிப்பாடுகளை வணிக நோக்கில் எடுத்தாளுவதற்கும் அச்சட்டம் வரம்பு வைக்கிறது. பழைய சினிமாப் பாட்டிலிருந்து இரண்டு விநாடி வெட்டினால் யார் கவனிப்பார்கள் என்று கேட்பவர்களுக்கு ‘ஓல்ட் டவுன் ரோட்’ கதையைச் சொல்லலாம். நெதர்லாந்தைச் சேர்ந்த யங்கியோ என்ற இளைஞர் நைன் இஞ்ச் நெய்ல்ஸ் குழுவின் இசைத்துண்டை வெட்டி ஒரு பீட் செய்து இணையத்தில் போட்டார். லில் நாஸ் எக்ஸ் அதை 30 டொலருக்கு வாங்கினார். 2019இல் அப்பாட்டு அமெரிக்கப் பட்டியலில் 19 வாரம் முதலிடத்தில் இருந்தது. மூலக் குழுவினரின் பெயர்களைப் படைத்தவர் வரிசையில் சேர்க்க வேண்டி வந்தது. பெயர் போடாததால் நேரும் கொடுமைக்கும் உதாரணம் உண்டு. வின்ஸ்டன்ஸ் குழுவின் 1969ஆம் ஆண்டுப் பாட்டொன்றில் கிரெகரி கோல்மன் வாசித்த சில விநாடி டிரம், எண்ணற்ற பாட்டுகளில் வெட்டி ஒட்டப்பட்டது. அவர் 2006இல் இறக்கும்வரை அதற்காக அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

ஒரு வரி எழுதினால் முழுப் பாட்டையும் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்துவிட்ட பின் இதையெல்லாம் பழக வேண்டுமா என்று கேட்கிறார்கள். சூனோ, யூடியோ ஆகியவற்றின்மீது பெரிய இசை நிறுவனங்கள் 2024 ஜூனில் தொடுத்த வழக்குகள், அச்செயலிகள் யாருடைய உழைப்பைத் தின்று வளர்ந்தன என்ற கேள்வியை எழுப்பின. பழகுபவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் என் பதில் எளிது. செயலி தரும் பாட்டில் உங்கள் காது வளராது. கிக்கை 11இலிருந்து 10க்கு நகர்த்திக் கேட்டபோது வளர்ந்தது காது.

காசு பற்றியும் நேராகப் பேச வேண்டும், ஏனெனில் வில்கமுவப் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். முதல் ஆண்டில் பீட் விற்று வருமானம் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இணையத்தில் பீட் குத்தகைக்கு விடும் சந்தையில் போட்டி கடுமை. பல ஆண்டுகளாக இலங்கையிலிருந்து பேபால் வழியே பணம் அனுப்ப முடிந்ததே தவிர, பெற முடியவில்லை. வெளிநாட்டு வாடிக்கையாளர் கிடைத்தவர்களும் இதனால் தவித்தார்கள். பக்கத்து ஊரில் ராப் எழுதும் ஒருவரைக் கண்டுபிடிப்பதே தொடக்கத்தில் பயனுள்ளது. அவர் சிங்களத்தில் எழுதுபவராகவும் நீங்கள் தமிழ் பேசுபவராகவும் இருக்கலாம், நேர்மாறாகவும் இருக்கலாம். பீட்டுக்கு அது தடையில்லை. அவருடைய மூச்சின் நீளத்துக்கு ஏற்ப பீட்டை வெட்டித் திருத்தும்போது, தனியே உட்கார்ந்து ஓர் ஆண்டில் கற்காததை ஒரு மாதத்தில் கற்பீர்கள்.

அப்படிச் சேர்ந்து செய்த முதல் பாட்டிலேயே, யார் எழுதியது, யார் பீட் செய்தது, வருமானம் வந்தால் யாருக்கு எவ்வளவு என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டுக்கொள்ள வேண்டும். நட்பில் என்ன கணக்கு என்று கூச்சப்படுபவர்கள், ‘எஞ்சாய் எஞ்சாமி’யைப் படைத்தது யார் என்பது பற்றி 2022இல் அதை உருவாக்கியவர்களே வெளிப்படையாக வாதிட நேர்ந்ததை நினைத்துப் பார்க்கலாம். ஒவ்வொரு பீட்டையும் முடித்த நாளின் திகதி, வேகம், சுரம், அதில் யாருடைய ஒலி இருக்கிறது என்ற விவரம் ஆகியவற்றோடு சேமித்து, இன்னொரு பிரதியை வேறு ஓர் இடத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். மாத்தளைத் தப்புக் கலைஞர் பேசிய கூலி என்ன, பாட்டில் அவர் பெயரை எப்படிப் போடச் சொன்னார் என்பதும் அதே கோப்பில் இருக்கட்டும்.